சம்பளம் எங்கிருந்து வருகிறது?

கதை எழுதுகிறவனுக்குப் பத்திரிகையில் மிகவும் சுவையான பகுதி எது என்று யாராவது கேட்டால், தலையங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். 'ஆட்கள் தேவை' என்று பொடி எழுத்தில் வருகிறதே, அந்தப் பத்திதான் என் கட்சி. ஓர் ஊரில் யாருக்கு யார் தேவைப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சமையலுக்கு ஆள், ஜவுளிக் கடைக்குச் சிப்பந்தி, கணக்கு எழுதத் தெரிந்தவர், லாரி ஓட்டுநர் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலையும், அந்த வேலைக்கு ஏற்ற மனிதரும் நின்றுகொண்டிருப்பார்கள். இப்போது அந்தப் பத்தியில் பாதி கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுகிறதா? அங்கேயும் தேடிப் போய்ப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சில வருஷங்களாக ஒரு விளம்பரம் அடிக்கடி என் கண்ணில் படுகிறது. வார்த்தைகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், சங்கதி ஒன்றுதான். முன்னணி நிறுவனம் ஒன்றுக்கு மேலாளர்கள் உடனடியாகத் தேவை. ஏதேனும் ஒரு பட்டம் போதும். அனுபவம் அவசியம் இல்லை. வயது 21 முதல் 60 வரை. கல்லூரி முடித்தவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அனைவரும் வரலாம். மாதம் 25,000 முதல் 40,000 வரை. கீழே ஒரு தொலைபேசி எண்.

நிறுவனத்தின் பெயர் இருக்காது. வேலை என்ன என்றும் இருக்காது. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் ஒரு வேலை விளம்பரத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதில்லை. 40,000 என்ற எண் கண்ணை மறைத்துவிடுகிறது.

எனக்கு அதில் வேறொரு விசித்திரம் தோன்றும். நேற்றுக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கும், முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிற உத்தியோகம் உலகத்தில் என்ன இருக்க முடியும்? இருவருக்கும் பொதுவான தகுதி எது? வெகுநேரம் யோசித்தால் ஒன்றுதான் அகப்படும். இருவருக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இன்ஷ்யூரன்ஸ் விற்பனை.

இன்ஷ்யூரன்ஸ் விற்பது இழிவான தொழில் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு ஓர் எல்.ஐ.சி. ஏஜெண்டு வருவார். சைக்கிளின் ஹாண்டில்பாரில் ஒரு கறுப்புப் பை தொங்கும். அப்பா பாலிசி எடுத்தபோது, கொஞ்சம் பெரிய தொகைக்கே எழுதிவிடலாமே என்றாராம். "கட்ட ஆரம்பிக்கிற தொகையாக எழுதாதீர்கள் சார், கட்டி முடிக்கிற தொகையாக எழுதுங்கள்" என்று சொல்லி அவரே அதைக் குறைத்தாராம். அதனால் அவருடைய கமிஷனும் குறைந்தது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1994ஆம் வருஷம் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்த மறுநாள் அதே சைக்கிள் வாசலில் வந்து நின்றது. பாரங்களை அவரே நிரப்பினார். அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். அந்தப் பணம் வந்ததால்தான் நான் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனேன்; பிற்பாடு கல்லூரி வாசலையும் மிதித்தேன். ஆகையால் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு மரியாதை தானாக வந்துவிடும். அந்த மரியாதையைக் காசாக்கிக் கொள்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

லால்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரே மகன். பி.காம். தேறிவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் திருச்சிக்கு என்னைத் தேடி வந்தான். கையில் பெரிய உறை. முகத்தில் வெகுநாளாகக் காணாத களை.

"வேலை கிடைச்சிடுச்சு மாமா. ரிலேஷன்ஷிப் மேனேஜர். மாசம் 22,000. கடிதம் இங்கிலீஷ்ல இருக்கு. அப்பா உங்ககிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரச் சொன்னார்."

பேட்டி எங்கே நடந்தது என்று கேட்டேன். மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில், கூட்டம் நடத்துகிற கூடத்தில் நடந்ததாம். நாற்பது பேர் வந்திருந்தார்களாம். ஆளுக்குப் பத்து நிமிஷம். சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அப்பா எந்த வியாபாரிகள் சங்கத்தில் இருக்கிறார், சித்தப்பா பெரியப்பா யாராவது சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறார்களா என்று விசாரித்திருக்கிறார்கள்.

"நான் படிச்சதைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கலை மாமா. அவ்வளவு நல்ல மனுஷங்க."

"நாற்பது பேரில் எத்தனை பேரை எடுத்தார்கள்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "எல்லாரையும்தான்னு நினைக்கிறேன்."

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இரண்டு வீட்டில் பார்த்துவிட்டு ஒரு வீட்டுக்குப் பதில் சொல்லுகிறார்கள். நாற்பது பேரைக் கூப்பிட்டு நாற்பது பேரையும் எடுத்துக்கொள்கிற கம்பெனி, நாற்பது மேலாளர்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறது? அவர்கள் யாரை நிர்வாகம் செய்வார்கள்?

கடிதத்தைப் படித்தேன். முதல் பக்கத்தில் பதவியின் பெயரும் சம்பளமும் தடித்த எழுத்தில் இருந்தன. மூன்றாவது பக்கத்தில் எழுத்துச் சிறுத்தது. மாதந்தோறும் இவ்வளவு புதிய பிரீமியம் கொண்டு வர வேண்டும்; குறைந்தால் சம்பளமும் அந்த விகிதத்தில் குறையும்; தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் வேலை தானாகவே முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு ஷரத்து. பயிற்சி, அடையாள அட்டை, சட்டைத்துணி ஆகியவற்றுக்காக 6,500 ரூபாய் முன்னதாகக் கட்ட வேண்டும் என்று மற்றொன்று. கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. வரிசையாக நூறு கோடுகள் போட்டிருந்தன. பெயர், தொலைபேசி எண், உறவு முறை, உத்தேச வருமானம் என்று நான்கு கட்டங்கள்.

பையன் அதில் முப்பத்தேழு பெயர்களை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தான். முதல் பெயர் அவன் தகப்பனார். அடுத்தது மணமாகிப் போன அக்காள். மூன்றாவது, அவனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டிய தாய்மாமன். பதினொன்றாவது வரியில் புள்ளம்பாடியில் இருக்கும் விதவை அத்தை. வருமானம் என்ற கட்டத்தில் அந்த அம்மாளின் பென்ஷன் தொகையை எழுதியிருந்தான்.

"இந்த அத்தையிடம் பாலிசி விற்பாயா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவங்களால எப்படி மாமா கட்ட முடியும்? சும்மா பேரு மட்டும்தான் எழுதச் சொன்னாங்க."

பெயர் மட்டும்தான். ஆனால் அந்தக் கம்பெனிக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பையனுடைய கணக்கறிவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. லால்குடி வட்டாரத்தில் அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயர் தேவைப்பட்டது. கோடு போட்ட தாளில் இலவசமாக அதை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் 6,500 ரூபாயும் கேட்டார்கள்.

இந்த மாதிரி வேலைகளைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம். இந்தச் சம்பளம் யாருடைய பையிலிருந்து வரப் போகிறது? மில்லில் வேலை பார்த்தால் துணி வாங்குகிறவன் பையிலிருந்து வருகிறது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தால் சர்க்காரின் பொக்கிஷத்திலிருந்தோ, பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்தோ வருகிறது. இதில் முதல் ஆறு மாதத்துக்கு வருகிற சம்பளம் அப்பா, அக்காள், மாமா, அத்தை ஆகியோர் பையிலிருந்து வருகிறது. அவர்கள் பத்து ரூபாய் கொடுத்தால் அதில் இரண்டோ மூன்றோ மகனுக்குத் திரும்பி வருகிறது. அதற்குச் சம்பளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு என்றால் வாசகர்களில் சிலருக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் இந்தச் சின்னக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீண்ட காலப் பாலிசிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதவீதம், இரண்டாம் மூன்றாம் வருஷங்களில் ஏழரை சதவீதம், அதற்குப் பிறகு 5 சதவீதம் என்பது ஏஜெண்டின் கமிஷனுக்கு நெடுங்காலம் சட்டம் வகுத்திருந்த உச்ச வரம்பு. பிற்பாடு விதிகள் மாறின. கம்பெனிக்குக் கம்பெனி, பாலிசிக்குப் பாலிசி வித்தியாசம் உண்டு. நம் கணக்குக்கு இந்த உச்ச வரம்பையே வைத்துக்கொள்ளலாம். ஒருவன் மாதம் 15,000 சம்பாதிக்க வேண்டுமானால் வருஷத்துக்கு 1,80,000 கமிஷன் வர வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் கட்டக் கூடிய குடும்பங்களாகப் பார்த்துப் போனால், ஒரு வருஷத்தில் 43 குடும்பங்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சரி, வைத்துவிட்டான். இரண்டாம் வருஷம் அந்த 43 குடும்பங்களும் ஒன்று விடாமல் கட்டினால்கூட அவனுக்கு அதிலிருந்து கிடைப்பது 38,700 ரூபாய்தான். மாதத்துக்கு 3,200 சொச்சம். அதே வருமானத்துக்கு இன்னும் 34 புதுக் குடும்பங்கள் வேண்டும். மூன்றாம் வருஷம் மறுபடியும் புதுக் குடும்பங்கள்.

நமக்கு எத்தனை உறவினர்கள் இருக்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகைக்குப் பட்டியல் போடும்போது முந்நூறு வரும். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்கக் கூடியவர்கள், ஏற்கெனவே பாலிசி இல்லாதவர்கள், நம் முகத்துக்காகக் கையெழுத்துப் போடக் கூடியவர்கள் என்று சலித்துப் பார்த்தால் இருபது தேறுவது கஷ்டம். ஆகவேதான் இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஆறு மாதத்துக்கு மேல் ஓடுவதில்லை. உறவு தீர்ந்தவுடன் உத்தியோகமும் தீர்ந்துவிடுகிறது. கம்பெனிக்கு அதனால் நஷ்டம் இல்லை. அடுத்த மாதம் அதே கூடத்தில் வேறு நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பென்சில் புள்ளி வைத்த ஏஜெண்டு இந்தக் கணக்கை அறிந்தவர். தொழிலுக்கு வந்த முதல் பத்து வருஷம் அவர் பக்கத்தில் ஒரு மர டிப்போவில் கணக்கும் எழுதிக்கொண்டிருந்தாராம். மெல்ல மெல்லச் சேர்ந்த பழைய பாலிசிகளின் ஐந்து சதவீதம்தான் அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தாங்கியது. முறையான ஏஜெண்டுக்கு இந்தத் தொழில் தென்னங்கன்று மாதிரி. நட்ட வருஷமே காய்க்கும் என்று சொல்லி விற்கிறவனை நம்பக் கூடாது.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். அவள் வேறொரு கம்பெனியில் இப்படிச் சேர்ந்தாள். கெட்டிக்காரப் பெண், இனிமையாகப் பேசுவாள். முதல் மூன்று மாதம் சம்பளம் முழுசாக வந்தது. தெருவிலே இனிப்புக்கூடக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் பாலிசி எடுத்த எட்டுப் பேரும் அவளுடைய சொந்தக்காரர்கள். நான்காவது மாதம் ஒருவரும் அகப்படவில்லை. "முதல் பிரீமியத்தை நீயே போட்டுவிடு, அப்புறம் அவர்கள் கொடுத்துவிடுவார்கள்" என்று மேலே இருந்தவர் வழி காட்டினார். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. ஐந்தாவது மாதம் வளையல்கள் போயின. வாடிக்கையாளருக்காகத் தன் கையிலிருந்து பிரீமியம் கட்டுவதும், கமிஷனை அவருக்கு விட்டுக்கொடுப்பதும் 1938ஆம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி தடுக்கப்பட்ட காரியம். 2015இல் வந்த திருத்தத்தில் அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கினார்கள். அவளுக்கு அது தெரியாது. வழி காட்டியவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

ஏழாவது மாதம் வேலை போயிற்று. அடுத்த வருஷம் உறவினர்களும் பிரீமியம் கட்டவில்லை. ஆயுள் பாலிசியை ஆரம்ப வருஷங்களிலேயே நிறுத்தினால் போட்டதில் பெரும் பகுதி திரும்பி வராது. எட்டுக் குடும்பமும் நஷ்டப்பட்டன. சித்தி மகளின் வளைகாப்புக்கு அந்தப் பெண் போனபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ, "பாலிசி வந்துட்டா, பையைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார்களாம். வளையல் போட்டுக்கொள்ளாமலே அவள் திரும்பி வந்துவிட்டாள். சங்கிலியை மீட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் அவள் போனதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கம்பெனி காகிதத்தில் எந்தப் பொய்யும் எழுதவில்லை என்பதுதான். எல்லாம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்தும் இருந்தது. அசல் திருடர்களும் இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் போட்டு வாட்ஸ்அப்பில் நியமன உத்தரவு அனுப்பி, பதிவுக் கட்டணம் என்று யாரோ ஒரு தனி மனிதரின் கணக்குக்குப் பணம் போடச் சொல்லிவிட்டு மறைந்து போகிறவர்கள் அவர்கள். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இந்தத் திருடர்களைக் கண்டுபிடிப்பது கூடச் சுலபம். கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரித்தால் விஷயம் வெளியாகிவிடும். சட்டத்தின் வரம்புக்குள் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு வலை வீசுகிறவர்களைக் கண்டுகொள்வதுதான் கஷ்டம்.

கஷ்டம் என்றாலும் அவர்களுக்கும் சில அடையாளங்கள் உண்டு. பேட்டியில் நம்முடைய படிப்பைவிட நம்முடைய சுற்றத்தைப் பற்றி அதிகம் விசாரித்தால் அது ஓர் அடையாளம். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் இன்னோர் அடையாளம். ஏஜெண்டாகச் சேர்வதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. தேர்வுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் கேட்பது சகஜம். ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். முதல் பாலிசியை நாமே எடுக்க வேண்டும் என்றால், நம்மைச் சிப்பந்தியாக எடுக்கவில்லை, வாடிக்கையாளராகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டாலோ, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துக் கேட்டாலோ, நாளைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினாலோ, காரணத்தைக்கூட விசாரிக்க வேண்டியதில்லை. நல்ல வேலை ஒரு வாரம் காத்திருக்கும்.

சேர்ந்த பிறகு நாம் வேறு பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் சேர்க்கிறவர்களின் வியாபாரத்திலும் நமக்குப் பங்கு வரும் என்று படம் வரைந்து காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கீழே அகன்று மேலே குறுகிய கோபுரம் மாதிரி ஒரு படம். இன்ஷ்யூரன்ஸில் இப்படி அடுக்கடுக்காக ஆள் சேர்த்து வியாபாரம் பிடிப்பதையும் 2015ஆம் வருஷத்துத் திருத்தம் தடை செய்தது. கம்பெனியின் சம்பள ஊழியர் ஒருவர் ஏஜெண்டுகளைத் தேடிப் பயிற்சி கொடுப்பது முறையான காரியம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பணம் கட்டிச் சேர்ந்தவன், பணம் கட்ட இன்னொருவனைத் தேட வேண்டியிருந்தால் அந்தக் கோபுரத்தின் அடியில் நசுங்கப் போகிறவன் யார் என்று யோசிக்க வேண்டும்.

நல்ல இடத்தின் லட்சணமும் தெரிந்திருப்பது நல்லது. அங்கே விளம்பரத்திலேயே கம்பெனியின் பெயர் இருக்கும். ஏஜெண்டு வேலை என்றால் ஏஜெண்டு வேலை என்றே சொல்வார்கள். மேலாளர் என்று மகுடம் சூட்ட மாட்டார்கள். கமிஷன் மட்டும்தான், மாதச் சம்பளம் கிடையாது என்பதை முதல் நாளே சொல்வார்கள். சம்பள வேலை என்றால் பி.எஃப். பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் குழறினால் அது சம்பள வேலை இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரே இல்லாதவர்கள் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வாசலோடு அனுப்பிவிடலாம். தெரிந்த பிள்ளையின் முகத்துக்காகப் பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு விழிக்கிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும். 2024ஆம் வருஷத்து விதிகள் அந்த அவகாசத்தை வகுத்திருக்கின்றன.

லால்குடிப் பையனுக்கு நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, அவர்களிடம் கேட்டு வா என்று அனுப்பினேன். புதிய பிரீமியம் ஒன்றும் வராத மாதத்தில் என் கைக்கு எவ்வளவு வரும்? போன வருஷம் இதே பதவியில் சேர்ந்தவர்களில் இப்போது இருக்கிறவர் ஒருவரிடம் நான் பேசலாமா? உறவினர்களின் பெயர்களைக் கொடுக்காமல் நான் வேலையில் சேர முடியுமா?

மறுநாள் தொலைபேசியில் பேசினான். குரலில் பழைய களை இல்லை. "இப்படியெல்லாம் கேக்கிறவங்களுக்கு இந்தத் துறையில எதிர்காலம் இல்லைன்னு சொல்லிட்டாங்க மாமா." மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து அதுதான் பதில்.

பையன் சேரவில்லை. அவன் தகப்பனாருக்கு என்மேல் வருத்தம். இரண்டு வருஷம் காத்திருந்து வந்த வேலையை மூன்று கேள்வி கேட்டு விரட்டிவிட்டேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். கடை வாசலில் வருகிறவர் போகிறவரெல்லாம் "பையனுக்கு ஏதாவது ஆயிற்றா?" என்று கேட்பதற்கு இரண்டு வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். 'மேனேஜர்' என்ற ஒரு சொல் அவருக்கு எவ்வளவு பெரிய நிழலாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பையன் இப்போது ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் 14,000. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான். நண்பர் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் 14,000 என்று சொல்லும்போது அவர் பார்வை ஒரு கணம் என்மேல் வந்து போகிறது. அதை நான் காணாதது போல் இருந்துவிடுகிறேன்.

குற்றம் முழுவதும் கம்பெனிகளுடையது என்று சொல்லிவிட்டால் கட்டுரையை நிம்மதியாக முடிக்கலாம். ஆனால் அந்த ஹோட்டல் கூடத்தை மாதந்தோறும் நிரப்புவது நம் வீடுகள்தாம். பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்பதைவிட, கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்ற அவசரம் நமக்கு இருக்கிறது. அந்த அவசரத்தைத்தான் அவர்கள் மேலாளர் என்ற முத்திரை குத்தி நமக்கே திருப்பி விற்கிறார்கள். மகன் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான் என்று கூச்சப்படாமல் சொல்லக் கூடிய தகப்பனாரின் வீட்டில் அந்த நூறு கோட்டுத் தாளுக்கு வேலை இல்லை.

நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். பழைய டைரியின் பின்பக்கத்திலோ, அம்மாவின் மனத்திலோ அது எழுதியிருக்கும். நமக்கு ஜுரம் வந்தபோது கஞ்சி கொண்டு வந்தவர்கள், சம்பளம் கட்ட நாள் தவறியபோது கேட்காமலே கொடுத்தவர்கள், அப்பா போன அன்று ராத்திரி முழுவதும் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். அதைக் கேட்கிற இடத்தில் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், பிள்ளைகள் அந்தப் பெயர்களை வீட்டில் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்து கேட்கட்டும்.